2700-ஐத் தொடாத டேனியல் நரோடிட்ஸ்கி தோற்றுப்போனவரா?

கேட்டிருப்பவர் சதுரங்கம் பழகும் ஒரு சிறுமியின் அப்பா. அவர் கேள்வியின் சாரம் இதுதான்: டேனியல் நரோடிட்ஸ்கி 12 வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன், 17 வயதில் கிராண்ட்மாஸ்டர். ஆனாலும் ஆட்ட வலிமையைக் காட்டும் அவருடைய ரேட்டிங் ஒருமுறைகூட 2700-ஐத் தொடவில்லை. யூடியூபிலும், நேரலைத் தளமான ட்விட்சிலும் பாடம் எடுக்கப் போனதால்தான் ஆட்டம் அப்படியே நின்றுவிட்டதா? அப்படிப்பட்டவருடைய வீடியோக்களை என் மகளுக்குக் காட்டலாமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் ஒரு முறையோடு காட்டுங்கள். அந்த முறையைப் பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விதான் மனதை உறுத்துகிறது. ஆட வக்கில்லாதவர்தான் சொல்லிக்கொடுக்கப் போவார் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. நரோடிட்ஸ்கியின் வாழ்க்கையை வருடவாரியாகப் பார்த்தாலே அது பொருந்தாது என்று தெரியும். ஆடிய காலம் முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தார், சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க ஆடினார்.

பிறந்தது 1995 நவம்பர் 9, கலிபோர்னியாவின் சான் மடேயோவில். பெற்றோர் பழைய சோவியத் யூனியன் பகுதிகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர்கள். ஆறு வயதில் அண்ணன்தான் ஆடக் கற்றுக்கொடுத்தார். 2007-இல் வட கலிபோர்னியாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் எல்லாரும் ஆடும் சாம்பியன்ஷிப்பை ஐந்தாம் வகுப்புப் பையனாக இருந்தபோதே வென்றார். அதே ஆண்டு துருக்கியின் அந்தால்யாவில் நடந்த உலக இளையோர் போட்டியில், 12 வயதுக்குட்பட்ட சிறுவர் பிரிவில் முதலிடம்.

இதுவரை வழக்கமான கதை. உலக அளவில் பதக்கம் வாங்கும் சிறுவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அடுத்து அவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னும் பெரிய கோச், இன்னும் நிறைய டோர்னமெண்ட், பட்டத்துக்கான அடுத்த தகுதிப் படியான நார்ம். நரோடிட்ஸ்கியும் அதையெல்லாம் செய்தார். கூடவே உட்கார்ந்து ஒரு புத்தகமும் எழுதினார். 'மாஸ்டரிங் பொசிஷனல் செஸ்' 2010-இல் வெளியானபோது அவருக்கு 14 வயது.

அவர் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கவனியுங்கள். அந்த வயதுப் பையன்களுக்குப் பிடித்தது ராணியைப் பலிகொடுத்து மேட் வைப்பது. இவர் எழுதியது பொசிஷனல் ஆட்டத்தைப் பற்றி. ஒரு குதிரை தவறான இடத்தில் நின்றால் அதை எப்படி நல்ல இடத்துக்குக் கொண்டுவருவது, எதிராளி என்ன செய்யப் பார்க்கிறார் என்று முன்கூட்டியே கண்டு அந்த வழியை எப்படி அடைப்பது, இப்படிப்பட்ட விஷயங்கள். இவற்றைச் செய்வதைவிடச் சொல்லி விளக்குவது கடினம். நல்ல ஆட்டக்காரர்களிடம் கேட்டால் "அந்தக் கட்டம் நன்றாக இருந்தது, வைத்தேன்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஏன் நன்றாக இருந்தது என்று 14 வயதில் பக்கம் பக்கமாக யோசித்தவர் இவர். 2012-இல் அடுத்த புத்தகம், சில காய்களே மிஞ்சும் இறுதிக் கட்டமான எண்ட்கேம்களில் சிக்கலானவற்றைப் பற்றி. அதன்பின் அமெரிக்க சதுரங்கக் கூட்டமைப்பின் 'செஸ் லைஃப்' இதழில் பல ஆண்டுகள் எண்ட்கேம் பத்தி எழுதினார். யூடியூப் அவருக்குப் பிழைப்பாக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே அவர் ஆசிரியர்.

2013-இல் அமெரிக்க ஜூனியர் சாம்பியன் ஆனார், கிராண்ட்மாஸ்டர் பட்டமும் அதே ஆண்டு வந்தது. முழுநேர ஆட்டக்காரர் ஆகாமல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வரலாறு படித்து 2019-இல் பட்டம் வாங்கினார். நீண்ட நேர ஆட்டமான கிளாசிக்கலில் அவருடைய ரேட்டிங் உச்சத்தைத் தொட்டது 2017 மே மாதத்தில், 2647. அப்போது அவர் கல்லூரி மாணவர். ஆக, பாடம் எடுக்கப் போனதால் ஆட்டம் நின்றது என்ற கணக்கு இங்கேயே உதைக்கிறது. உச்சத்தைத் தொட்டபோது கையில் வரலாற்றுப் பாடப் புத்தகம் இருந்தது. முழுநேர ஆன்லைன் வாழ்க்கை தொடங்கியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

2647 என்றால் என்ன என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் நாம் குகேஷ், பிரக்ஞானந்தா பெயர்களையே கேட்டுக்கேட்டு 2700-க்குக் கீழே எல்லாம் சாதாரணம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 ரேட்டிங்கும் மூன்று நார்ம்களும் வேண்டும். அதைத் தாண்டுவதற்குள்ளேயே பல திறமைசாலிகளின் இளமை முடிந்துவிடுகிறது. 2647 என்பது அந்த நாளில் உலகின் முதல் நூறு பேரை ஒட்டி நிற்கும் இடம். 2700-க்கு மேலே ஒரு சமயத்தில் சில டஜன் பேர்தான் இருப்பார்கள்.

அந்த 2600-க்கும் 2700-க்கும் இடைப்பட்ட நிலம் சதுரங்கத்தில் ரொம்பக் கொடுமையானது. மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு வரும். விமானச் செலவு, ஹோட்டல், ஆடுவதற்கே தனிப் பணம் என்று எல்லாம் கிடைக்கும். இவர்கள் ஓபன் டோர்னமெண்டுகளில் 2400, 2300 ரேட்டிங்குள்ள பசித்த இளைஞர்களோடு மோதவேண்டும். ஜெயித்தால் ரேட்டிங் கொஞ்சம்தான் ஏறும், டிரா ஆனாலே சரியும். ஒன்பது ரவுண்டு ஆடி முதல் பரிசு வந்தால் உண்டு, ஐந்தாவது இடம் என்றால் பல சமயம் வழிச்செலவுக்கே போதாது. இந்த நிலத்தில் நிற்கும் கிராண்ட்மாஸ்டர்களில் பலர் எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு வகையில் கோச்சிங் கொடுத்துத்தான் வாழ்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நரோடிட்ஸ்கிக்கு அந்த வேலை ஏற்கெனவே பிடித்திருந்தது என்பதுதான் கூடுதல்.

2020-இல் பெருந்தொற்று வந்து நேரடிப் போட்டிகள் எல்லாம் நின்றன. அந்த ஆண்டு அவர் வட கரோலினாவின் ஷார்லட் நகருக்குக் குடிபெயர்ந்து, ஷார்லட் செஸ் சென்டரில் அங்கேயே இருந்து சொல்லிக்கொடுக்கும் உறை கிராண்ட்மாஸ்டராகப் பணியேற்றார். வீட்டுக்குள் அடைபட்ட உலகம் முழுக்க திடீரென்று சதுரங்கம் ஆட ஆரம்பித்திருந்தது. ட்விட்சில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுராவின் நேரலை, அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி குயின்ஸ் கேம்பிட்' தொடர் எல்லாம் சேர்ந்து புதிதாக ஆட வந்தவர்களை அலையலையாகக் கொண்டுவந்தன. இணையத்தில் சதுரங்கம் ஆடும் செஸ்.காம் தளத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 2022 டிசம்பரில் 10 கோடியைத் தொட்டது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் வயதுவந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ரேட்டிங் 600, 900, 1200 என்று இருப்பவர்கள். கிராண்ட்மாஸ்டரிடம் தனியாகப் பாடம் கற்க அவர்களால் முடியாது. புத்தகங்கள் பெரும்பாலும் அவர்களுக்காக எழுதப்படவில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

பலர் சொல்லிக்கொடுத்தார்கள். சிரிக்கவைத்துச் சொன்னவர்கள் உண்டு, ஆட்டத் தொடக்கமான ஓபனிங்கில் வைக்கும் பொறிகளைக் காட்டிக் கூட்டம் சேர்த்தவர்கள் உண்டு. நரோடிட்ஸ்கி கையில் எடுத்தது 'ஸ்பீட்ரன்' என்ற வடிவம். புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, அடிமட்ட ரேட்டிங்கிலிருந்து ஒவ்வொரு ஆட்டமாக மேலே ஏறுவது. வழியில் எதிர்ப்படுபவர்கள் எல்லாம் நிஜமான, சாதாரண ஆட்டக்காரர்கள். இந்த வடிவத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த பட்டமான இன்டர்நேஷனல் மாஸ்டர் பெற்ற ஜான் பார்த்தலோமியூ அதற்கு முன்பே ரேட்டிங் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி விளக்கும் தொடர் ஒன்றைச் செய்திருந்தார். சாதாரணமாக, வலுவான ஆட்டக்காரர் புதுக்கணக்கில் ஒளிந்துகொண்டு புதியவர்களை அடிப்பது விதிமீறல். செஸ்.காம் இந்த வகைப் பாடங்களுக்கு அனுமதி கொடுத்து, தோற்றவர்களின் ரேட்டிங் புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த வடிவத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் இருக்கிறது விஷயம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் தன் தலைக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வார். இந்த நகர்த்தல் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதிராளி இப்படிச் செய்தால்? சரி, அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை 1000 ரேட்டிங்கில் இருப்பவர் கண்டுபிடிப்பாரா? மாட்டார் என்றால் அவருக்கு எளிமையான வேறு வழி எது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரிய ஆட்டக்காரர்கள் கேட்பதே அபூர்வம். அவர்களுக்குச் சிறந்த நகர்த்தல் எது என்பதுதான் முக்கியம். இவருக்கு, பார்த்துக்கொண்டிருப்பவர் நாளைக்குத் தானாக ஆடக்கூடிய நகர்த்தல் எது என்பது முக்கியம்.

ஆட்டம் முடிந்ததும் வீடியோ முடியாது. திரும்ப முதலிலிருந்து வருவார். எதிராளி எங்கே தவறினார் என்று பார்ப்பதோடு, அந்தத் தவறு ஏன் இயல்பானது, அந்த மட்டத்தில் எல்லாரும் ஏன் அதைச் செய்கிறார்கள் என்று யோசிப்பார். தோற்றவரை ஒருபோதும் கேலி செய்யமாட்டார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இணையத்தில் பத்து நிமிடம் சதுரங்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுத்தவர் தவறைக் காட்டிச் சிரிப்பது அங்கே எவ்வளவு சுலபமான பிழைப்பு என்று. அவர் வீடியோவில் எதிரே இருக்கும் 800 ரேட்டிங்காரரும் யோசித்து ஆடும் ஒரு மனிதர். அந்த யோசனையை மதித்து, அது எங்கே தடம் மாறியது என்று தேடுவார்.

அவர் தொடர்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதிய ஆட்டக்காரர்களிடம் கேளுங்கள், "ஒரு யானை அதிகம் இருந்தது, எப்படித் தோற்றேன் என்றே தெரியவில்லை" என்பார்கள். ஜெயிக்கும் நிலைக்கு வருவது ஒரு திறமை, அதை ஜெயமாக மாற்றுவது இன்னொரு திறமை. இரண்டாவதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் "மீதி உங்களுக்கே தெரியும்" என்று விட்டுவிடுவார்கள். இவர் அங்கேதான் நிதானமாவார். ஒரு காய் அதிகமானதும் முதல் வேலை, எதிராளிக்குச் சண்டை போட என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. அவருடைய ராணி நம் ராஜாவை நோக்கி நிற்கிறதா? அவருடைய ஒரு சிப்பாய் தடையில்லாமல் கடைசி வரிசைக்கு ஓடப் பார்க்கிறதா? அந்த ஒன்றை முதலில் முடித்துக்கட்டு. அப்புறம் காய்களை ஒன்றுக்கொன்று வெட்டிக் குறை. அதற்கப்புறம்தான் மேட்டைத் தேடு. அவசரப்படாதே, அதிகப்படியான காய் எங்கேயும் ஓடிவிடாது. கேட்டால் மிக எளிது. ஆனால் இருபது, முப்பது ஆட்டங்களில், வெவ்வேறு நிலைகளில், அதே ஒழுங்கைக் கண்ணால் பார்க்கும்போதுதான் மனதில் பதிகிறது. புத்தகத்தில் இந்தத் தலைப்புக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கும். இங்கே ஒரு வருடத்துப் பழக்கம் கிடைக்கிறது.

ஓபனிங் விஷயத்திலும் அப்படியே. கருப்பு ஆடும் சிசிலியன் ஓபனிங்குக்கு எதிராக வெள்ளைக்கு அவர் பல ஆட்டங்களில் காட்டியது அலாபின் என்ற முறை. சி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, நடுவில் இரண்டு சிப்பாய்களை நிறுத்தத் தயாராவது. உலகச் சாம்பியன்ஷிப் மட்டத்தில் அது பெரிய அனுகூலம் தராது. ஆனால் இருபது நகர்த்தல் மனப்பாடம் தேவைப்படாது, எதற்காக ஒவ்வொரு காயும் எங்கே போகிறது என்பது புரிந்துவிடும். கருப்புக்கு கேரோ-கான் என்ற ஓபனிங்கைக் காட்டியதற்கும் இதே காரணம். நடுச் சிப்பாய்க்கு உறுதியான ஆதரவு கிடைக்கும், ராணிப்பக்கத்து மந்திரியை வெளியே கொண்டுவந்த பிறகே சிப்பாய்ச் சங்கிலியை மூடலாம், அந்த மந்திரி உள்ளே மாட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க வேடிக்கை பார்க்காது. வரிசையைச் சொல்லித்தருவதைவிட அந்த வரிசை எந்தப் பிரச்சினைக்குத் தீர்வு என்று சொல்லித்தருவது நல்லது. எதிராளி புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடிவிட்டாலும் மாணவர் திகைத்து நிற்கமாட்டார்.

இங்கே ஒரு கேள்வி வரும். நரோடிட்ஸ்கி புகழ்பெற்றது மின்னல் வேகத்துக்கு. ஆளுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் பிளிட்ஸிலும், ஒரே நிமிடம் கிடைக்கும் புல்லட்டிலும் உலகின் மிகச் சிறந்த சிலரில் ஒருவராக இருந்தார். செஸ்.காமில் அவருடைய ரேட்டிங் 3000-க்கு மேலேயே இருந்தது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களான நகமுரா, ஃபிரூஸ்ஜா, கார்ல்சன் எல்லாரும் அங்கே அவருக்கு வாடிக்கையான எதிராளிகளாக இருந்தார்கள். இவ்வளவு வேகமாக ஆடுபவர் நிதானமாக யோசிக்க எப்படிக் கற்றுத்தர முடியும்?

என் எண்ணத்தில் அந்த வேகம்தான் அவர் ஆசிரியத்தின் வேர். ஒரு நொடியில் நல்ல நகர்த்தலை வைப்பவர் கணக்குப் போட்டு வைப்பதில்லை. பார்த்த வடிவங்கள், படித்த ஆட்டங்கள், விழுந்து எழுந்த எண்ட்கேம்கள் எல்லாம் சேர்ந்து கையை நகர்த்துகின்றன. திறமை முற்றிவிட்ட எல்லாருக்கும் இப்படித்தான், அதனால்தான் அவர்களால் பெரும்பாலும் விளக்க முடிவதில்லை. ரொம்ப நன்றாகத் தெரிந்த ஒன்று எப்படித் தெரியும் என்பதே மறந்துபோகும். நீச்சல் தெரிந்தவர் "சும்மா கையை வீசு" என்று சொல்வதைப் போல. நரோடிட்ஸ்கியிடம் அந்த மறதி இல்லை. உள்ளுணர்வு ஒரு நகர்த்தலைக் கொடுத்த அதே கணத்தில், அது எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்துச் சொல்ல அவரால் முடிந்தது. இந்த மந்திரியும் இந்த யானையும் இப்படி நிற்கும்போது ஒரு பழைய ஆட்டத்தில் இன்னார் இதைத்தான் செய்தார் என்று நினைவிலிருந்து எடுத்துக் காட்டுவார். வரலாறு படித்தவர் என்பது அங்கே தெரியும். எண்ட்கேம் பத்திக்காக ஆண்டுக்கணக்கில் தேடிப் படித்ததும் தெரியும். நான் பார்த்த ஆட்டக்காரர்களில், இவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு தன் சிந்தனையைத் தானே இவ்வளவு தெளிவாகப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. 2700 ரேட்டிங் அரிது என்றால் இது அதைவிட அரிது.

இதே திறமைதான் அவரை வர்ணனையாளராகவும் ஆக்கியது. செஸ்.காமின் பெரிய போட்டிகளுக்கு அவர் குரல் நிலையான அடையாளமாக இருந்தது. இப்போது திரையோரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் (சதுரங்கக் கணினி நிரல்) காட்டும் பட்டையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் "பெரிய தவறு" என்று சொல்லிவிடலாம். அந்தத் தவறு போர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் சரியான நகர்த்தலாகத் தெரிந்தது என்று சொல்ல, அவரைப் போல யோசிக்கத் தெரியவேண்டும். 2022-இலிருந்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குச் சதுரங்கப் புதிர்களும் தயாரித்துக் கொடுத்தார். ட்விட்சில் மூன்று லட்சத்துக்கு மேல், யூடியூபில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். இந்த எண்கள் இணையச் சதுரங்கத்தில் ஆகப் பெரியவை இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ட்கேம் பாடம் கேட்க வந்த ஐந்து லட்சம் பேர் என்று யோசித்தால் அந்த எண்ணின் எடை புரியும். எல்லாமே இலவசம். நிலையான வருமானம் உள்ளவர்களே கிராண்ட்மாஸ்டரிடம் ஒரு மணி நேரப் பாடத்துக்கு யோசிக்கும்போது, இணைய இணைப்பு உள்ள எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அது கிடைத்தது.

சரி, இவ்வளவையும் செய்துகொண்டு ஆட்டம் என்ன ஆனது? 2024 டிசம்பரில் நியூயார்க்கில் உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. முதல் கட்டமாக 13 சுற்று. அதில் 9.5 புள்ளி எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் நரோடிட்ஸ்கியும் ஒருவர். புள்ளி சமமானவர்களைப் பிரிக்கும் டை-பிரேக்கில் மட்டும்தான் எட்டுப் பேர் ஆடிய நாக்-அவுட் சுற்றுக்குத் தகுதி பெறாமல் போனார். 2025 ஆகஸ்டில் அமெரிக்க தேசிய பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றார். 14 ஆட்டம், 14 வெற்றி. ஆட்டம் நின்றுபோனவர் ஆடும் ஆட்டமா இது? கிளாசிக்கலில் அவர் குறைவாக ஆடினார், உண்மைதான். முழுநேரமும் அதற்கே கொடுத்திருந்தால் 2700 வந்திருக்குமா என்பது யாராலும் சொல்லமுடியாதது. வந்திருந்தாலும், 2700-ஐத் தொட்ட இன்னொரு பெயர் பட்டியலில் சேர்ந்திருக்கும். அவர் செய்த இந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இருந்திருக்கமாட்டார்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது விட்டுவிட முடியாத ஒன்று இருக்கிறது. 2024-இலிருந்து முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், நரோடிட்ஸ்கியின் ஆன்லைன் ஆட்டங்கள் சந்தேகத்துக்குரியவை என்று பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். நரோடிட்ஸ்கி மறுத்தார். குற்றச்சாட்டுக்கு நிரூபணம் எதுவும் வரவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை முகம் காட்டி, வாய்விட்டு யோசித்து, நேரலையில் ஆடியவர் மேல் அந்தப் பழி. தன் சிந்தனையைத் திறந்து காட்டுவதையே தொழிலாக வைத்திருந்த ஒருவருக்கு, அந்தச் சிந்தனை உன்னுடையதில்லை என்று சொல்வதைவிடப் பெரிய காயம் இருக்கமுடியுமா? தன் கடைசி நேரலையிலும் அந்தப் பாதிப்பைப் பற்றிப் பேசினார்.

2025 அக்டோபர் 19 அன்று அவர் இறந்தார். முப்பது வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. மறுநாள் ஷார்லட் செஸ் சென்டர் அதை அறிவித்தபோது, உலகின் முதல் நிலை ஆட்டக்காரர்களிலிருந்து 700 ரேட்டிங்கில் ஆடுபவர்கள் வரை சொந்த ஆசிரியரை இழந்தவர்களைப் போல எழுதினார்கள். மரணத்தையும் அந்தப் பழியையும் நான் முடிச்சுப் போடப் போவதில்லை, அது எனக்கு உரிமையில்லாத வேலை. ஆனால் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பின்னர் கிராம்னிக்கின் நடத்தை குறித்துத் தன் நெறிமுறைக் குழுவிடம் முறைப்படி புகார் கொடுத்தது என்பதைப் பதிவுசெய்யவேண்டும். ஒருவர் ஏமாற்றுகிறார் என்று சந்தேகம் வந்தால், அதை விசாரிக்கத் தளங்களுக்குள்ளேயே குழுக்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சொல்லவேண்டும். பல லட்சம் பேர் முன்னால் பெயரைச் சொல்லிவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுவது கொடுமை. உங்கள் மகள் ஆன்லைனில் ஆடுகிறாள் என்றால் இதையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள். தோற்றவுடன் எதிராளியை ஏமாற்றுக்காரர் என்று சொல்லும் பழக்கம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது.

இனி, நான் சொல்வதாகச் சொன்ன முறை. நரோடிட்ஸ்கியின் வீடியோக்கள் ஒரு திறமையான குழந்தைக்குக் கோச்சுக்கு மாற்று இல்லை. சென்னையில் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் போன்றவர்கள் செய்யும் வேலை வேறு. மாணவரின் முன்னால் கடினமான ஒரு நிலையை வைத்து, காய்களைத் தொடாமல் அரை மணி நேரம் மனதுக்குள்ளேயே கணக்கிட வைப்பது அது. அந்த உழைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பெறமுடியாது. வீடியோவின் பெரிய ஆபத்தும் அதுதான்: அவர் விளக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தனியாக ஆடும்போது கை நடுங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் ஆங்கிலம் வேகமானது, சொல்வளம் மிகுந்தது. பத்து வயதுக் குழந்தை தனியாகப் பார்த்தால் பாதி தப்பிவிடும். முதல் சில வீடியோக்களுக்கு நீங்களோ கோச்சோ கூட உட்காருவது நல்லது.

ஸ்பீட்ரன் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் ரேட்டிங்குக்குக் கொஞ்சம் மேலே உள்ள ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள், முதல் வீடியோவிலிருந்தே பார்க்கவேண்டும் என்பதில்லை. எதிராளி ஒரு நகர்த்தல் வைத்தவுடன் வீடியோவை நிறுத்துங்கள். அவர் என்ன செய்யப் பார்க்கிறார் என்று மகள் சொல்லட்டும், பிறகு தான் வைக்கும் நகர்த்தலையும் சொல்லட்டும். அதன்பின் ஓடவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நகர்த்தல் ஒத்துப்போகிறதா என்பதைவிடக் காரணம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். ஒரு நாளைக்கு நான்கு வீடியோ ஓடவிடுவதைவிட வாரத்துக்கு இரண்டு ஆட்டம் இப்படிப் பார்ப்பது பலமடங்கு மேல். ஆட்டத்துக்குப் பின் வரும் அலசலைத் தவறவிடாதீர்கள், அங்கேதான் அதிகச் சரக்கு இருக்கிறது.

அவருடைய புல்லட் வீடியோக்களை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பார்க்கப் பரவசமாக இருக்கும், அதனாலேயே குழந்தைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அடிப்படை உறுதியாகாத கைக்கு ஒரு நிமிட ஆட்டம் கெட்ட பழக்கத்தைத்தான் கொடுக்கும். அவருடைய அந்த வேகத்துக்குப் பின்னால் இரண்டு புத்தகங்களும், ஆண்டுக்கணக்கான எண்ட்கேம் பத்தியும், ஆயிரக்கணக்கான மணி நேர நிதான யோசனையும் இருக்கின்றன. மகள் 1600, 1700 தாண்டி, பத்து நிமிட ஆட்டத்தில் காரணத்தோடு ஆடத் தொடங்கியபின் அதையும் காட்டுங்கள்.